கென்யா பயணம்: 8 நாள்தான் இருக்கு, மஞ்சள் காய்ச்சல் ஊசி இன்னும் போடலை

கேள்வி:
ஆகஸ்ட் 28 மும்பை – அடிஸ் அபாபா – நைரோபி. நான், மனைவி, 4 வயசு மகள். போகும்போது அடிஸில் 14 மணி நேரக் காத்திருப்பு. முதல்ல மசாய் மாரா வனவிலங்கு சரணாலயம், அப்புறம் ரயிலில் கடலோர ஊர் மொம்பாசா, செப்டம்பர் 6 திரும்பறோம். இ-டிஏ (கென்யாவுக்குள் நுழைய ஆன்லைன் அனுமதி) மூணு பேருக்கும் வந்தாச்சு. ஊசிதான் பாக்கி. இன்னிக்கு 20. நாளைக்குப் போட்டா சரிவருமா? பாப்பாவுக்கு 5-ம் தேதி எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா தடுப்பூசி) போட்டிருக்கோம்.

பதில் 1:
ஊசி போட்ட 10-வது நாளிலிருந்துதான் தடுப்பூசிச் சான்றிதழ் அட்டை செல்லும். 21-ல் போட்டால் 31-லிருந்து. 6-ம் தேதி இந்தியா திரும்பும்போது உங்கள் இருவருக்கும் பிரச்சினை இல்லை. செல்லாத அட்டையோடு வந்தால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

சிக்கல் போகும் வழியில். இந்தியாவிலிருந்து நேராக வருபவரிடம் கென்யா அட்டை கேட்பதில்லை. அடிஸ் அபாபா இருக்கும் எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் கேட்கலாம். 28-ல் உங்கள் அட்டை செல்லாது. இன்றே டிக்கெட்டை மாற்றி, காத்திருப்பை 12 மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

பதில் 2:
பாப்பா விஷயத்தைத் தடுப்பூசி மையத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். எம்எம்ஆர், மஞ்சள் காய்ச்சல் இரண்டுமே உயிருள்ள (வீரியம் குறைத்த கிருமி) தடுப்பூசி. ஒரே நாளில் போடணும், இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளி விடணும். நடுவில் போட்டால் இரண்டாவது ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். 28 நாள் கணக்கு செப்டம்பர் 2-ல்தான் முடிகிறது. மருத்துவர் பொறுக்கச் சொன்னால் பாப்பா அட்டை 12-ம் தேதிதான் செல்லுபடியாகும். அப்படியானால் பயணத்தையே 12-க்குப் பின் தள்ளுவது நல்லது. குழந்தையைத் தனிமை முகாமில் உட்கார வைக்கும் அளவுக்கு எந்த சஃபாரியும் முக்கியமில்லை.

சென்னையில் போடுவதென்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம் இரண்டிலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவின் பேரில்தான். ஒரு குப்பியில் பல டோஸ் இருக்கும். திறந்தால் சில மணி நேரத்தில் தீர்க்கணும், அதனால்தான் ஆள் சேர்த்துப் போடுகிறார்கள். அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தாலும், மனைவி கர்ப்பமாக இருந்தாலும் முதலிலேயே சொல்லணும்.

அட்டையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள்: பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, மாதம் எழுத்தில், தடுப்பூசியின் பேட்ச் எண், கையெழுத்து, முத்திரை. ஒன்று விட்டுப்போனாலும் விமான நிலையத்தில் மடக்குவார்கள். லேமினேட் செய்ய வேண்டாம். இது ஆயுள் முழுக்கச் செல்லும்.

கேட்டவர்:
நன்றி. டிக்கெட்டை மாத்திட்டேன், இப்ப 3 மணி நேரம்தான் காத்திருப்பு. மையத்திலும் பேசிட்டேன், பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வேற என்ன கவனிக்கணும்?

பதில் 1:
பயண வரிசையைத் திருப்புங்கள். ஊசியின் பாதுகாப்பும் 10 நாள் கழித்துத்தான் வரும். நைரோபி, மொம்பாசா நகரங்களில் மஞ்சள் காய்ச்சல் ஆபத்து குறைவு. மொம்பாசா முதலில், மாரா செப்டம்பர் 2-லிருந்து.

மலேரியா வேறு கணக்கு. கடலோரம், மாரா இரண்டிலும் உண்டு. பயணிகளுக்கு ஊசி கிடையாது, மாத்திரைதான். பாப்பாவுக்கு எடை பார்த்து அளவு சொல்வார்கள். டாக்ஸிசைக்ளின் 8 வயசுக்குக் கீழ் தருவதில்லை.

பதில் 3:
பலகாரத்தைப் பிளாஸ்டிக் கேரி பேக்கில் கட்டாதீர்கள். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் தடை. சரணாலயங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது, எவர்சில்வர் பாட்டில் எடுங்கள். மாராவுக்கு நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து பறப்பதாக இருந்தால் ஆளுக்குப் பொதுவாக 15 கிலோ, சக்கரமில்லாத துணிப் பை.

நைரோபி ரயில் நிலையம் ஊருக்கு வெளியே சியோகிமாவில். பைகளை வரிசையாகத் தரையில் வைத்து மோப்ப நாய் விட்டுச் சோதிப்பார்கள்; ஒரு மணி நேரமாவது முன்னால் போங்கள்.

ஓட்டுநரிடம் நேரம் பேசும்போது கவனம். சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள்: ‘ஸா மோஜா’ என்றால் ஒரு மணி, நம் காலை 7. போனில் 7:00 என்று எண்ணில் அடித்துக் காட்டிவிடுங்கள்.