ரமலான் மளிகைக் கிட்: 60 வீடு, 1,20,000 ரூபாய், எப்படித் திட்டமிடுவது?

கேள்வி (மேலப்பாளையம்)
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து 60 குடும்பங்களுக்கு நோன்புக்கு முன்பே மளிகை கொடுக்க நினைக்கிறோம். வீட்டுக்கு 2,000 ரூபாய் கணக்கு. பணத்தில் பாதி ஜகாத் (கடமையான தர்மம்), மீதி ஸதகா (விருப்பத்தில் தரும் தர்மம்). என்ன பொருள், எவ்வளவு, எப்போது கொடுப்பது? ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாகம்) பதிவேட்டை வைத்தே லிஸ்ட் எடுத்தால் போதுமா?

பதில் 1
வஅலைக்கும் ஸலாம் தம்பி. பதிவேடு போதாது. சந்தா கட்டும் வீடுகள்தான் அதில் இருக்கும். வாடகைக்கு வந்தவர்கள், கணவரை இழந்து தாய்வீட்டுக்கே திரும்பிவிட்ட பெண்கள், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் விட்டுப்போவார்கள். உதவி அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடமும், தெருவில் கடன் கொடுக்கும் மளிகைக் கடைக்காரரிடமும் கேளுங்கள், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ரேஷன் கார்டு எண்ணை எழுதிக்கொண்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை போகாது.

ரமலானுக்கு முந்தின மாதமான ஷஅபான் 27க்குள் கொடுத்து முடியுங்கள். 29 மாலை பிறை தெரிந்துவிட்டால் அன்று பின்னிரவே முதல் சஹர் (நோன்பு தொடங்கும் முன் சாப்பாடு). அந்த மாலையில் மூட்டை தூக்கி அலைந்தால் கடைசி நாலு வீட்டுக்குப் போய்ச் சேராது.

பதில் 2 (மளிகை மொத்த வியாபாரம்)
ஐந்து பேர் வீட்டுக்கு: புழுங்கல் அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, பாசிப்பருப்பு ஒன்றரைக் கிலோ, எண்ணெய் 2 லிட்டர், சர்க்கரை 2 கிலோ, பேரீச்சை 1 கிலோ, டீத்தூள் 250 கிராம், வெந்தயம் 120 கிராம்.

பாசிப்பருப்பும் வெந்தயமும் நோன்புக் கஞ்சிக்கு. ஒரு நாளைக்கு 50 கிராம் பருப்பு, ஒரு ஸ்பூன் வெந்தயம் என்று 30 நாளுக்குப் போட்ட கணக்கு. பள்ளிவாசல் கஞ்சி வாங்கி வர ஆளில்லாத வீட்டுக்கு மட்டும் குருணை 6 கிலோ கூடுதலாகக் கொடுங்கள், மற்ற வீடுகளில் அது வண்டு பிடித்துக் கிடக்கும்.

அரிசி மூட்டை இப்போது 26 கிலோவாகத்தான் அதிகம் வருகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இப்படி. 24 மூட்டை எடுத்தால் 624 கிலோ. 600 போக மீதி 24 கிலோவில் சிந்தியது கழித்தாலும், கடைசி நேரத்தில் வரும் இரண்டு வீட்டுக்கு ஆகும்.

கிட் 18 கிலோ வரும். ஒரே பையில் போட்டால் கைப்பிடி பிய்ந்துவிடும், அரிசியைத் தனிப் பையில் போடுங்கள். எண்ணெய் பாக்கெட்டைத் தனிக் கவரில் கட்டி மேலே நிமிர்த்தி வையுங்கள். அடியில் போனால் ஓரத் தையல் விட்டு, பருப்பு முழுக்க நனையும். சோப்பு, சலவைத்தூள் சேர்ப்பதாக இருந்தால் அதே பையில் வேண்டாம், பேரீச்சையில் வாடை ஏறிவிடும். அந்தப் பழத்தை வாயில் வைக்கவே முடியாது.

பதில் 3
பணத்தை இரண்டு நோட்டில் எழுதுங்கள். ஜகாத் பணம் தகுதியான முஸ்லிம் ஏழையின் கைக்கு உடைமையாகப் போய்ச் சேர வேண்டும். வேன் வாடகை, பை விலை, பக்கத்து வீட்டு இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் தரும் ஹதியா (அன்பளிப்பு) எல்லாம் ஸதகா கணக்கில் வரட்டும். ஜகாத் வருடம் முடியாதவர்கள் முன்கூட்டிக் கொடுத்தாலும் ஹனஃபி, ஷாஃபி சட்டப் பிரிவுகள் இரண்டிலும் செல்லும். ஃபித்ராவை (நோன்புப் பெருநாள் தர்மம்) இதோடு கலக்காதீர்கள், அது பெருநாள் தொழுகைக்கு முன் போக வேண்டியது.

இத்தாவில் (கணவர் இறந்த பின்னோ விவாகரத்துக்குப் பின்னோ காத்திருக்கும் காலம்) இருக்கும் பெண்களை டோக்கன் வரிசைக்கு வரச் சொல்லாதீர்கள். அந்த வீடுகளுக்குப் பெண்களையே அனுப்புங்கள். பீடி சுற்றுபவர்கள் கம்பெனிக்குக் கட்டு கொடுக்கப் போகும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், பூட்டிய வாசலில் பையை வைத்துவிட்டு வரக் கூடாது. வாங்குபவர் முகம் போட்டோவில் வேண்டவே வேண்டாம். கணக்குக் காட்ட, அடுக்கி வைத்த பைகளின் படமும் கடை பில்லும் போதும்.

கேட்டவர்
ஜஸாகல்லாஹ் கைர். வாடகை வீடுகளை நாங்கள் யோசிக்கவே இல்லை. நாளை அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு மோதினாரைப் பார்க்கிறோம். குருணை தேவைப்படும் வீடுகளுக்கு லிஸ்டில் தனிக் கட்டம் போட்டுவிட்டோம்.