ஜேட் செடி இலை பழுப்பாகிறதா? முதலில் தொட்டுப் பாருங்கள்

சென்னையின் நான்கு பகுதிகளிலிருந்து செடி வளர்ப்பவர்கள் பேசிக்கொண்டது:

மடிப்பாக்கம்:
எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு மாமி போன கோடையில் தன் ஜேட் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தடித்த இலையில் தண்ணீரைச் சேமிக்கும் சதைப்பற்றுச் செடி அது. இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பு. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். "தண்ணி அதிகமாயிடுச்சு, குறைங்க" என்று எல்லோரும் ஒரே பதில். அவரும் வாரக்கணக்கில் தண்ணீரைக் குறைத்தார். பழுப்பு கூடியதே தவிர நிற்கவில்லை.

இலையைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல இறுக்கம். அழுகல் என்றால் பெரும்பாலும் தண்டை ஒட்டிய கீழ்ப்பகுதியில் தொடங்கும். இலை மஞ்சளாகி, நீர் கோத்து, லேசாகத் தொட்டாலே உதிரும். இங்கே நுனியிலும் ஓரத்திலும் மட்டும் காய்ந்த, மொறுமொறுப்பான பழுப்பு. மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளை பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. உப்பு!

அவர் ஊற்றிய போர் தண்ணீரின் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) 1500க்கு மேல் காட்டியது. குடிநீருக்கே 500தான் ஏற்ற அளவு. ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணில் தங்கிவிடும். அது சேரச் சேர வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். இலைக்குள் ஏறிய உப்பு நுனியிலும் ஓரத்திலும் போய்த் தேங்கும், தண்ணீரின் பாதை அங்கே முடிவதால். இந்த நிலையில் தண்ணீரைக் குறைத்தால் மண்ணிலுள்ள உப்பு இன்னும் அடர்த்தியாகும். மாமி செடிக்கு நடந்தது அதுதான்.

உப்பு குறைந்த மெட்ரோ குழாய்த் தண்ணீரைத் தொட்டி கொள்ளும் அளவைப்போல நாலைந்து மடங்கு மெதுவாக ஊற்றி, அடி ஓட்டை வழியே முழுக்க வடியவிட்டோம். அப்புறம் மண் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். பழைய பழுப்பு பச்சையாகாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். புதுத் தளிர்கள் சுத்தமாக வந்தன.

பெசன்ட் நகர்:
அக்கா, எங்கள் வீட்டில் வேறு கதை. என் நாத்தனார் மே மாதம் நர்சரியிலிருந்து ஹவொர்த்தியா என்ற சின்னச் சதைப்பற்றுச் செடி வாங்கி வந்து நேராக மொட்டை மாடியில் வைத்தார். அங்கே பச்சை வலைக்கடியில் இருந்த செடி, இங்கே அக்னி நட்சத்திர வெயில். இரண்டே நாளில் வெளிறிய திட்டுகள், பிறகு பழுப்பு. மேற்கைப் பார்த்த பக்கம் மட்டும்தான். தொட்டியைத் திருப்பினால் மறுபக்கம் பளிச்சென்று பச்சை. ஒரு பக்கம் மட்டும் என்றால் வெயிலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஜன்னலோர நிழலுக்கு மாற்றினோம், வடு அப்படியே இருக்கிறது, செடி நன்றாக இருக்கிறது. கற்றாழையில் இன்னொன்றும் உண்டு: வெயிலில் முழு இலையும் செம்பழுப்பாகலாம், அது நிழலுக்கு வந்தால் மெல்லப் பச்சைக்குத் திரும்பும்.

பெரம்பூர்:
ஐப்பசி கார்த்திகையில் பழுப்பு வந்தால் நான் காத்திருக்கவே மாட்டேன். எச்சிவேரியா (ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கும் சதைப்பற்றுச் செடி) வாங்கியபோது தொட்டி முழுக்க வெறும் தேங்காய் நார்த்தூள். மழைக்காலத்து ஈரக்காற்றில் அது எளிதில் காயாது. அடி இலைகள் பழுப்பாகிக் கொழகொழத்ததும் பிடுங்கிப் பார்த்தேன்: வேர் கறுத்திருந்தது. தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் பழுப்பு வளையம். அந்த வளையம் தெரியாத இடம் வரை, கத்தியைத் துடைத்துத் துடைத்து, சீவிக்கொண்டே போனேன். வெட்டுவாய் நன்றாகக் காயும் வரை நிழலில் வைத்து, செம்மண்ணோடு கொரகொரப்பான மணலும் செங்கல் துண்டுகளும் கலந்து நட்டேன். வேர் பிடித்துவிட்டது. பெரும்பாலான எச்சிவேரியா மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடிகள். குளிர்ந்த இரவுக்குப் பழகியவை. சென்னையில் அவற்றைக் கரையேற்றுவது சிரமம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஜேட், கற்றாழை, ஹவொர்த்தியா போதும் என்பேன்.

குரோம்பேட்டை:
நுனிதான் எங்களுக்கும் காய்கிறது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறோம். அது சரிதானே?

மடிப்பாக்கம்:
தொட்டிச் செடிக்கு வேண்டாம் சார். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் வருகிறது; போர் தண்ணீரைவிட அது உப்பு. வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை. இலைக்கும் தண்டுக்கும் நடுவே பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மாவுப்பூச்சி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுங்கள். அடியில் ஒன்றிரண்டு பழைய இலைகள் மட்டும் சருகாகிறது என்றால் அது வயதான இலை, விட்டுவிடலாம்.