ஆர்.எஃப். ரிமோட் காலையில் கேட்கிறது, இரவில் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?

மாடவிளக்கு:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறோம். ஆம்ப், செட் டாப் பாக்ஸ், ப்ளூ-ரே பிளேயர், மீடியா பிளேயர் எல்லாம் டிவிக்குக் கீழே, கதவு போட்ட மர அலமாரிக்குள். கதவை மூடினால் சாதாரண ரிமோட் வேலை செய்யாது என்பதால் ரேடியோ அலையில் வேலை செய்யும் ஆர்.எஃப். ரிமோட் வாங்கினோம். ரிமோட் 433 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். ஆம்ப் தலைமேல் உட்கார்ந்திருக்கும் பேஸ் ஸ்டேஷன் அதை வாங்கி, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒட்டியிருக்கும் சின்ன எமிட்டர் வழியாக ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளி) கட்டளையாக மாற்றிக் கொடுக்கும்.

சோபாவிலிருந்து, சுமார் 5 மீட்டரில், ஐந்து முறை அழுத்தினால் இரண்டு முறைதான் கேட்கிறது. 2 மீட்டருக்குள் போனால் ஒழுங்காகக் கேட்கிறது. புரியாத விஷயம் இதுதான்: காலையில் அம்மா செய்தி பார்க்கும்போது அதே சோபாவிலிருந்து ஒரு தொல்லையும் இல்லை. இரவில் படம் போட்டால்தான் முரண்டு பிடிக்கிறது.

அம்மாவுக்குக் கை நடுக்கம் உண்டு. ஒரு பட்டனை அழுத்தவே சிரமப்படுகிறார். அது கேட்காமல் போய், மறுபடி அழுத்தி, மறுபடி அழுத்தி, கடைசியில் ரிமோட்டை என்னிடம் நீட்டிவிடுகிறார். அவர் தானே இயக்க வேண்டும் என்றுதான் இதையே வாங்கினேன்.

பேட்டரி மாற்றினேன். பேஸ் ஸ்டேஷனை ஒரு தட்டு மேலே வைத்தேன். ஓர் அழுத்துக்கு எத்தனை முறை கட்டளை அனுப்ப வேண்டும் என்ற அமைப்பை 5 ஆக்கினேன். பெரிய மாற்றம் இல்லை. பூஸ்டர் ஏதாவது போடலாமா? ஆன்டெனா வயரை நீட்டலாமா?

ஒலிப்பிரியன்:

ரீசார்ஜ் பேட்டரியா போட்டிருக்கிறீர்கள்? அது 1.2 வோல்ட்தான். சில ரிமோட்டுகள் அதிலேயே சோர்ந்துவிடும். அப்புறம், அலமாரிக் கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருக்கிறதா? அதன் பின்பூச்சு உலோகம், அலையை மறித்துவிடும்.

மாடவிளக்கு:

இல்லை நண்பரே, புது ஆல்கலைன் பேட்டரி, 1.5 வோல்ட். கதவு வெறும் மரம். திறந்து வைத்தும் பார்த்துவிட்டேன், அதே கதைதான்.

நடுஇரவுப் படம்:

எனக்கும் இப்படி இருந்தது. பேஸ் ஸ்டேஷனின் ஆன்டெனா நுனியில் ஒரு மீட்டர் வயரைச் சேர்த்துச் சாலிடர் செய்தேன். ஓரளவு பரவாயில்லை. முயன்று பாருங்கள்.

சாலிடர்புகை:

தயவுசெய்து ஆன்டெனாவைத் தொடாதீர்கள். அதன் நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 433.92 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 69 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 17 செ.மீ., அந்த ஆன்டெனாவுக்குப் பொருத்தமான அளவு. இஷ்டத்துக்கு நீட்டினால் ஒத்திசைவு கெட்டுப்போகும், சுற்றியிருக்கும் இரைச்சலும் கூடவே உள்ளே வரும். மேலே எழுதிய நண்பருக்குப் பலன் கிடைத்திருந்தால், வயரின் நுனி அலமாரியை விட்டு வெளியே வந்ததுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

பூஸ்டரும் வேண்டாம். அது சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

முதலில் கோளாறு எந்தப் பாதியில் என்று பிரித்துவிடுவோம். ரிமோட்டிலிருந்து பேஸ் ஸ்டேஷன் வரை ஒரு பாதி, ரேடியோ. பேஸ் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் வரை இன்னொரு பாதி, ஐ.ஆர். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, எமிட்டர் ஒரு விரல்கடை விலகியிருப்பதற்கு ஆன்டெனாவைத் திட்டுவார்கள். உங்கள் பேஸ் ஸ்டேஷனில் சிக்னல் வந்தால் மினுக்கும் விளக்கு இருக்கிறதா? இருந்தால், இரவில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது சோபாவிலிருந்து ஒரே பட்டனை 20 முறை அழுத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு விநாடி விட்டு. விளக்கு எத்தனை முறை மினுக்கியது, பெட்டி எத்தனை முறை கேட்டது என்று வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள். எமிட்டர் மேல் சந்தேகம் வந்தால் கைபேசிக் கேமரா வழியாகப் பாருங்கள். முன்பக்கக் கேமராவில் பெரும்பாலும் ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். யாரும் பட்டனைத் தொடாதபோது அந்த விளக்கு தானாக நடுங்குகிறதா? நடுங்கினால் இரைச்சல் உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

அடுத்ததாக எல்லாப் பெட்டிகளின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பேஸ் ஸ்டேஷனுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து அதே 20. ஸ்டாண்ட்பையில் விட்டால் போதாது, அப்போதும் உள்ளே எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிச் சுற்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்து எண்ணுங்கள்.

உங்கள் ‘காலையில் கேட்கிறது, இரவில் கேட்பதில்லை’ என்ற வரி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விடை அதற்குள்தான் இருக்கிறது. இரவில் மட்டும் எது ஓடுகிறது?

மாடவிளக்கு:

சார், நேற்று இரவு தங்கையை அலமாரி முன்னால் தாளும் பேனாவுமாக உட்கார வைத்து எண்ணினோம்.

எல்லாம் ஓடும்போது 20-க்கு 9 தடவைதான் விளக்கு மினுக்கியது. ஆனால் மினுக்கிய 9 தடவையும் பெட்டி கேட்டது. நீங்கள் சொன்னபடியே, யாரும் தொடாதபோதும் விளக்கு மங்கலாக நடுங்கியது. இதை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

எல்லாவற்றையும் பிடுங்கியதும் 20-க்கு 20! செட் டாப் பாக்ஸைச் சேர்த்தபோதும் 20. ஆம்ப் 19, டிவி 19. ப்ளூ-ரேயில் மாற்றம் இல்லை. மீடியா பிளேயரைச் சேர்த்ததும் 17. கடைசியாக, டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப்பைப் போட்டோம். படம் பார்க்கும்போது கண் கூசாமல் இருக்க இரவில் மட்டும் போடுவோம். அடுத்த நிமிடம் 9. அணைத்தால் 17, போட்டால் 9. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

சாலிடர்புகை:

உங்கள் தங்கைக்கு என் வாழ்த்து. இவ்வளவு சுத்தமாக எண்ணிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த ஸ்ட்ரிப்பின் அடாப்டர்தான். மலிவான எல்.ஈ.டி. அடாப்டர்களில் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புவார்கள், வடிகட்டும் பாகங்களைக் குறைத்துவிடுவார்கள். அந்த வெட்டலின் சிதறல் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அதோடு ஸ்ட்ரிப்பும் அதன் வயரும் டிவியைச் சுற்றி மீட்டர் கணக்கில் ஓடுகின்றன, அவையே ஒலிபரப்பும் ஆன்டெனா ஆகிவிடும். எல்.ஈ.டி. விளக்கு எரியும்போது கார் சாவி ரிமோட்டும் கேரேஜ் கதவு ரிமோட்டும் வேலை செய்யாமல் போவதும் இதனால்தான்.

ஸ்ட்ரிப்பை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். தரமான அடாப்டர் மாற்றுங்கள். வயர் அடாப்டரை விட்டு வெளியே வரும் இடத்திலேயே ஒரு ஃபெரைட் கிளிப் (வயரைக் கவ்வி இரைச்சலைத் தடுக்கும் சின்ன வளையம்) மாட்டுங்கள், அது தள்ளிப் போனால் பயன் குறைந்துவிடும்.

இதைவிட முக்கியமானது பேஸ் ஸ்டேஷனை அங்கிருந்து கிளப்புவது. இப்போது அது இரைச்சல் போடும் பெட்டிகளிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 1.5 மீட்டர் தள்ளினால் இரைச்சல் கணக்குப்படி சுமார் 14 டெசிபல் குறையும். சுவர்களின் பிரதிபலிப்பு இருப்பதால் அச்சொட்டாக வராது, ஆனாலும் பெரிய மாற்றம். அப்படித் தள்ளியதில் ரிமோட்டுக்கான தூரம் 5 மீட்டரிலிருந்து ஐந்தரை ஆனாலும், சிக்னலில் இழப்பு ஒரு டெசிபல்கூட இல்லை. ரிமோட்டுக்குப் பக்கத்தில் போவதைவிட இரைச்சலை விட்டு விலகுவதில்தான் லாபம்.

நீட்ட வேண்டிய வயர் எமிட்டருடையது. அதில் ஓடுவது பெரும்பாலும் 38 கிலோஹெர்ட்ஸ் ஐ.ஆர். துடிப்பு. 433 மெகாஹெர்ட்ஸுக்கு முன்னால் அது நத்தை வேகம், சில மீட்டர் நீட்டினாலும் ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் 3.5 மி.மீ. மோனோ பின்தான் இருக்கும், அதற்கான எக்ஸ்டென்ஷன் போதும்.

வைக்கும் இடத்தில் ஆன்டெனாவைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு உலோகம் இருக்கக் கூடாது. மீன் தொட்டிக்குப் பின்னால் வேண்டாம். ஆன்டெனாவை நிமிர்த்தியும் படுக்க வைத்தும் பாருங்கள். அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு சாண் நகர்த்தினாலே உயிர் வந்துவிடும் இடங்கள் உண்டு. பேஸ் ஸ்டேஷனில் உணர்திறன் குமிழ் இருந்தால், விளக்கின் நடுக்கம் நிற்கும்வரை மட்டும் குறையுங்கள். குறைத்தால் எப்படிக் கேட்கும் என்று தோன்றும். இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கும் காதுக்கு வேறெதுவும் கேட்காது, அதனால்தான்.

கடைசியாக ஒரு கேள்வி. அம்மா ரிமோட்டை எப்படிப் பிடிக்கிறார்?

தூரத்துஅலை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 2.4 கிகாஹெர்ட்ஸ், ஜிக்பீ (வீட்டுச் சாதனங்களுக்கான ஒயர்லெஸ் முறை) வகை ரிமோட். எனக்கும் இதேதானா?

சாலிடர்புகை:

வழி ஒன்றே, எதிரி வேறு. உங்களுக்கு வைஃபைதான் முதல் சந்தேகம். ரூட்டரை பேஸ் ஸ்டேஷனிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள். சேனல் மாற்ற வழி இருந்தால் ஜிக்பீயில் 25-ஐ முயலுங்கள், வைஃபை 11-ஆம் சேனலுக்கும் மேலே போய்விடும். பக்கத்தில் யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதையும் நகர்த்துங்கள். அதன் கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அளந்து வெளியிட்டிருக்கிறது.

மாடவிளக்கு:

சார், நீங்கள் கேட்ட பிறகுதான் அம்மாவின் கையைப் பார்த்தேன். நடுக்கத்தால் ரிமோட் நழுவாமல் இருக்க, இடது கையால் அதன் முன் முனையை மொத்தமாகப் பொத்திப் பிடித்துக்கொண்டு, வலது கட்டை விரலால் அழுத்துகிறார். இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கண்ணில் படவில்லை.

சாலிடர்புகை:

பல ரிமோட்டுகளில் ஆன்டெனா அந்த முன் முனையில்தான், உள்ளே பலகையிலேயே தடமாகப் போட்டிருப்பார்கள். கை மூடினால் அலையைக் கொஞ்சம் விழுங்கும், ஒத்திசைவையும் இழுத்துவிடும். அவரைப் பிடியை மாற்றச் சொல்லாதீர்கள், பாவம். ரிமோட்டின் அடிப்பாகத்தில் சொரசொரப்பான ரப்பர் பட்டை ஒன்றைச் சுற்றிக் கொடுங்கள். கை தானாகவே அங்கே போய்விடும்.

மாடவிளக்கு:

எல்லாம் செய்து முடித்தேன். பேஸ் ஸ்டேஷன் இப்போது அலமாரிக்கு வெளியே, பக்கத்துச் சுவரில், என் தோள் உயரத்தில், ஆன்டெனா நிமிர்ந்தபடி. எமிட்டர்களுக்கு 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன். முதலில் வைத்த இடத்தில் 16தான் வந்தது, அரை அடி இடப்புறம் நகர்த்தியதும் சரியானது. ஸ்ட்ரிப்புக்கு வேறு அடாப்டர், கூடவே ஃபெரைட். இரவில் எல்லாம் ஓடும்போது சோபாவிலிருந்து 20-க்கு 20. பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து 18. ரப்பர் பட்டையும் சுற்றிவிட்டேன், அம்மா அதைத்தான் பிடிக்கிறார்.

ஒரே ஒரு புதுத் தொல்லை: ஒலியை ஒரு தரம் அழுத்தினால் நாலைந்து படி தாவுகிறது.

சாலிடர்புகை:

நீங்கள் 5 ஆக்கி வைத்திருந்த அமைப்பு. முன்பு ஐந்தில் பாதி வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது, இப்போது ஐந்தும் வந்து சேர்கின்றன. 1 ஆக்கிப் பாருங்கள். ஏதாவது பெட்டி தவறவிட்டால் அதற்கு மட்டும் 2.

மாடவிளக்கு:

1 போதும் சார், ஒவ்வொரு படியாக ஏறுகிறது. இன்று இரவு அம்மா தானே படம் போட்டு, நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினார். ரிமோட் என் கைக்கு வரவே இல்லை.