நிவாரண முகாம்: வரிசைக்கே வராத மாற்றுத்திறனாளிகளுக்கு எப்படி உதவுவது?

கேட்டவர்: முகாம் தொண்டர்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ள நிவாரண முகாம் ஒன்றில் மூன்று வாரமாக வேலை செய்கிறேன். எங்கள் பதிவேட்டில் 212 பேர். அதில் மாற்றுத்திறனாளி என்று எழுதியிருப்பது நாலு பேரைத்தான். உலகில் ஆறு பேரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க உடல், மனக் குறைபாடு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் மற்றவர்கள் எங்கே? கையில் கொஞ்சம் நன்கொடைப் பணம் இருக்கிறது. நாலைந்து வீல்சேர் வாங்கிப் போடலாமா?

பதில்: வீல்சேர் தையல்காரன்

தம்பி, அவர்கள் உங்கள் முகாமிலேயே ஏதாவது மூலையில் இருப்பார்கள். நான் அப்படி இருந்தவன். முதுகுத்தண்டில் அடிபட்டதில் எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வெள்ளம் வந்த ராத்திரி இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீல்சேரையும் அதன் மெத்தையையும் எடுக்கச் சொன்னேன். "சாமான் எல்லாம் அப்புறம்" என்றார்கள். அது சாமான் இல்லை, என் கால்.

முகாமில் பிளாஸ்டிக் நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு உட்கார வைத்தார்கள். கழிப்பறைக்கு மூன்று படி. ஒவ்வொரு தடவையும் யாரைக் கூப்பிடுவது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். சிறுநீரில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் உடை மாற்றும்போது மனைவி பார்த்தாள், பிட்டத்தில் நகம் அளவு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவே இல்லை. எனக்கு வலி தெரியாதே! ஒரே இடம் அழுந்தி வரும் படுக்கைப்புண் அது, நாலு நாளில் குழியாகிவிட்டது.

ஐந்து மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். தையல் மெஷின் சேற்றில் போயிருந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள மனைவியும் வேலையை விட்டாள். வெள்ளத்தில் போனதைவிட அந்த ஐந்து மாதத்தில் வாங்கிய கடன்தான் பெரிது, இன்னும் அடைக்கிறோம்.

அதனால் வீல்சேரை மொத்தமாக வாங்காதீர்கள். இடுப்பு அளவுக்குப் பொருந்தாத நாற்காலியில் உடம்பு சாய்ந்து அதுவே புண்ணாக்கும். பலருக்குப் பழைய நாற்காலியின் பேரிங்கில் புகுந்த மண்ணைக் கழுவி கிரீஸ் வைத்தாலே போதும். உணர்வில்லாதவர்களுக்கு மெத்தை முதலில். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப ஆள் வேண்டும். கழிப்பறைக்குச் சாய்தளம் போட்டால் ஒரு அடி உயரத்துக்குப் 12 அடி நீளம் விடுங்கள். அப்புறம், பார்த்துக்கொள்கிறவருக்கு வருமானம் போகிறது, அந்தக் குடும்பத்துக்குப் பணமாகவும் கொடுங்கள்.

பதில்: பேசும் விரல்கள்

எனக்குக் காது கேட்காது. எங்கள் முகாமில் எல்லா அறிவிப்பும் ஒலிபெருக்கியில்தான். எல்லோரும் எழுந்து ஓடுவதைப் பார்த்து நானும் ஓடுவேன், அதற்குள் பொருள் தீர்ந்திருக்கும். ஒரு பலகையில் எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களிடம் ஒருவர் நேரில் போய்ப் படம் காட்டிச் சொல்லட்டும்.

பதிவேட்டுக்கும் ஒன்று. "ஊனம் உண்டா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, குளித்து உடுத்த, பிறர் பேசுவதைப் புரிந்துகொள்ள அல்லது தான் சொல்வதைப் புரியவைக்கச் சிரமம் இருக்கிறதா என்று ஆறு கேள்வியாகக் கேளுங்கள்.

கேட்டவர்: முகாம் தொண்டர்

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. இரண்டு நாளாக ஒவ்வொருவரிடமும் போய் அந்த ஆறு கேள்வியைக் கேட்டோம். 29 பேர்! ஒரு பெரியவர் மூன்று வாரமாகச் சுவரோரமே உட்கார்ந்திருக்கிறார். வீல்சேர் வேண்டுமா என்றேன். வேண்டாம், ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது, ஈரத்தரையில் வழுக்குகிறது என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: வீல்சேர் தையல்காரன்

கோலின் அடிப்பக்க விட்டத்தை அளந்துகொண்டு மருத்துவ உபகரணக் கடைக்குப் போங்கள். உள்ளே இரும்பு வில்லை வைத்த ரப்பராகக் கேளுங்கள், கோல் அதைக் குத்திக் கிழிக்காது. நாலு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள் தம்பி.