160 பேர், இரண்டு ஆலைகள்: பணியாளர் மென்பொருளிடம் எதைக் கேட்பது?

கேள்வி (கடலூர் சிப்காட்):
நான்கு ஆண்டுகளுக்கு முன் 38 பேருடன் இருந்த எங்கள் அட்டைப்பெட்டி ஆலையில் இப்போது 160 பேர் பணிபுரிகின்றனர்; புதுச்சேரி சேதராப்பட்டில் இரண்டாவது ஆலையும் தொடங்கிவிட்டோம். வருகைப் பதிவு கைரேகைக் கருவியிலும், சம்பளக் கணக்கு எக்செல்லிலும், விடுப்பு விண்ணப்பம் வாட்ஸ்அப்பிலும் நடக்கின்றன. எல்லாம் அடங்கிய மென்பொருள் ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார் முதலாளி. சம்பளம் போடுவதைத் தவிர அதனால் நிறுவனத்துக்கு என்ன பயன் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (புதுச்சேரி, மேட்டுப்பாளையம்):
ஐயா, உங்கள் ஆலைகள் இரண்டு அரசுகளின் கீழ் இருக்கின்றன. குறைந்தபட்ச ஊதியத்தை இரண்டு அரசுகளும் தனித்தனியே நிர்ணயிக்கின்றன. ஆகஸ்டு 16-உம் நவம்பர் 1-உம் இங்கே அரசு விடுமுறை, கடலூரில் வேலை நாள். ஆலைவாரியாக விதிகளை வைக்க முடியாத மென்பொருளை வாங்காதீர்கள். விற்பனையாளரிடம் ஒரு கணக்கையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: ஜூனில் ஒருவருடைய சம்பளம் உச்சவரம்பான 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் அந்த மாதமே நின்றுவிடாது, ஏப்ரலில் தொடங்கிய பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் வரை தொழிலாளியின் 0.75 சதவீதமும் நிறுவனத்தின் 3.25 சதவீதமும் தொடர வேண்டும். இதில் தடுமாறும் மென்பொருளுக்கு வண்ண வண்ண வரைபடங்கள் இருந்து என்ன பயன்?

பதில் 2 (பண்ருட்டி):
மேலே உள்ளவர் சொன்னது சரிதான். ஆனால் அது கணக்கர் வேலை. ஆலை வளரும்போது முதலாளிக்குத் தூக்கம் கெடுவது ஆள் நிற்காமல் போவதால்தான். எங்கள் நிறுவனத்தில் வேலையை விட்டவர்களின் பட்டியலில் காரணம் என்ற கட்டத்தில் ஏறத்தாழ எல்லோருக்கும் 'சொந்தக் காரணம்' என்றே எழுதியிருந்தார்கள். சேர்ந்த தேதி, ஷிப்டு, ஊர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், முதல் மூன்று மாதத்துக்குள் வேலையை விட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் ஷிப்டு முடிந்து ஊருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடியாதவர்கள் என்பது புரிந்தது. ஷிப்டை அரைமணி முன்னதாக முடித்தோம். புதிதாக வருபவர்கள் நிலைத்து நிற்கத் தொடங்கினார்கள். அதேபோல், எந்த இயந்திரத்தை யார் யார் ஓட்டுவார்கள் என்ற பதிவும் இருந்தால், சேதராப்பட்டுக்கு யாரை அனுப்பலாம் என்பதை ஃபோர்மேனின் ஞாபகத்தை நம்பி முடிவு செய்ய வேண்டியிருக்காது.

பதில் 3 (கடலூர் முதுநகர்):
அவசரப்படாதீர்கள் என்பேன். ஒரே தொழிலாளி மூன்று பதிவேட்டில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும் நிலையில் மென்பொருள் வந்தால், குழப்பம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். முதலில் ஆதார், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பசையிலும் அட்டையிலும் கை வைப்பவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும்; மாற்று வழி ஒன்று வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாள்களைப் போல மின்சாரமும் இணையமும் இல்லாதபோது, கருவி தன்னிடமே பதிவைச் சேமிக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை இன்றே கணக்கர் அம்மாவுடன் தொடங்கிவிட்டேன். முதல் பத்துப் பேரிலேயே நான்கு பிழைகள். புதன்கிழமை செயல்விளக்கத்துக்கு வருபவரிடம் அந்த ஜூன் மாத இ.எஸ்.ஐ. கணக்கைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். பண்ருட்டி நண்பரே, ஷிப்டு நேரத்தை மாற்றியபோது பழைய தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லையா?