மின்சார விற்பனையைப் போட்டிக்குத் திறந்துவிடலாமா என்று வாக்காளரைக் கேட்டால் நாம் என்ன சொல்வது?

கேள்வி: செம்பூர் வாசி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி பல ஆண்டுகளாக அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் குடும்பத்துடன் இருக்கிறான். அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டான். அந்த மாநிலத்தில் 2016இல் வாக்குச்சீட்டில் மூன்றாம் கேள்வி என்று ஒன்று வந்தது. பெரும்பகுதி மக்களுக்கு ஒரே நிறுவனம் மின்சாரம் விற்றுவந்த நிலையை மாற்றி, யாரிடம் வாங்குவது என்பதை நுகர்வோரே முடிவு செய்யும்படி மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா என்பதுதான் அது. ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். மக்கள் முன்மொழியும் அரசியல் சட்டத் திருத்தம் அங்கே அடுத்தடுத்த இரண்டு பொதுத் தேர்தல்களில் வென்றாக வேண்டும் என்பதால், 2018இல் அதே கேள்வி மறுபடியும் வந்தது. அம்முறை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

தம்பியும் முதலில் ஆம் என்றும் பிறகு வேண்டாம் என்றும் வாக்களித்தவன். ஏன் மாற்றிக்கொண்டாய் என்று கேட்டேன். "அக்கா, முதல் முறை தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டுமா என்று என்னைக் கேட்டார்கள், வேண்டாம் என்று யார் சொல்வார்? அடுத்த முறை அதற்கான செலவை யார் கொடுப்பது என்று நான் கேட்டேன், ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை" என்றான்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. எங்கள் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே 24 மீட்டர்கள் ஒரே பலகையில் வரிசையாக இருக்கின்றன. சில வீடுகளுக்கு ஒரு நிறுவனத்தின் பில்லும் சில வீடுகளுக்கு இன்னொரு நிறுவனத்தின் பில்லும் வருகின்றன. மும்பைப் புறநகருக்குக் கிடைத்திருக்கும் இந்த வசதி மகாராஷ்டிரம் முழுவதற்கும் வேண்டும் என்று வேட்பாளர்களிடம் கேட்டு, குடியிருப்புச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத வேண்டும் என்று கடந்த கூட்டத்தில் பேசினார்கள். செயலாளர் என்பதால் எழுதும் பொறுப்பு என்னுடையது. நம் நாட்டில் இதற்கெல்லாம் பொதுவாக்கெடுப்பு கிடையாது என்றாலும், வாக்குக் கேட்டு வருகிறவரிடம் எதை வலியுறுத்துவது என்று நாமே தெளிந்திருக்க வேண்டும் அல்லவா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற மின்பொறியாளர், முலுண்டு

வணக்கம் அம்மா. மின்விநியோகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி.

பணியில் இருந்தபோது நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மழைக்கால இரவில், யாரோ சாலையைத் தோண்டிச் சரியாக மூடாமல் போனதால், கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி ஒரு தெரு முழுவதும் இருண்டுவிட்டது. முழங்கால் அளவு குழியில் நின்று, டார்ச் வெளிச்சத்தில் ஜாயின்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மேல்மாடியிலிருந்து குடையுடன் இறங்கிவந்த பெரியவர் ஒருவர், "நான் உங்கள் வாடிக்கையாளரே இல்லை, வேறு நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறேன், என் வீட்டில் ஏன் விளக்கு எரியவில்லை?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. அவருக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை. பில் யார் பெயரில் வந்தாலும் குழிக்குள் கிடந்த கேபிள் ஒன்றுதான்.

போட்டி என்பது பில்லில் ஒரு பகுதியை மட்டும்தான் தொடும் என்பதை வாக்காளர் முதலில் உணர வேண்டும். மின்சாரத்தை எங்கிருந்து என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதில் போட்டி வரலாம். கம்பிக்கும் துணைமின் நிலையத்துக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் கொடுக்கும் வீலிங் கட்டணத்தில் போட்டி இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் ஒரே பகுதியில் இரண்டாவது உரிமதாரரை அனுமதிக்கிறது. ஆனால் அவர் தம் சொந்தக் கம்பி வழியாகவே விநியோகிக்க வேண்டும் என்கிறது. ஒரே தெருவை இரண்டு பேர் தோண்டி இரண்டு கேபிள் போட்டால், அந்த இரண்டுக்கும் பணம் தருபவர்கள் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள்தாம். டாடா பவர் நிறுவனம் வீடுகளுக்கு நேரடியாக விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தபோது, மும்பையில் இந்தச் சிக்கல் உடனே எழுந்தது. அதனால்தான் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2009இல், ஒருவரின் கம்பி வழியாகவே மற்றவர் மின்சாரம் தரும் ஏற்பாட்டுக்கு வழி செய்தது. உங்கள் மீட்டர் பலகையில் நீங்கள் பார்ப்பது அந்த ஏற்பாட்டின் விளைவு.

அடுத்து நடந்ததை நம்மவர்கள் பலர் கவனிக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் தொழிற்சாலையும் கடையும் கூடுதல் கட்டணம் கொடுப்பதால்தான் விவசாயிக்கும் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கும் கட்டணத்தைக் குறைத்து வைக்க முடிகிறது. இதைத்தான் குறுக்கு மானியம் என்கிறோம். நிறைய வாங்கி நல்ல விலை கொடுப்பவர் முதலில் வெளியேறினால், அவர் சுமந்துவந்த பாரம் இருப்பவர்கள் தலையில் விழும். அதை ஈடுகட்டத்தான் மாறிச் செல்வோர் மீது 2011இல் குறுக்கு மானிய சர்சார்ஜ் என்னும் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது. மறு ஆண்டே, மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளை மட்டுமே இனி தன் பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று டாடா பவருக்கு ஆணையம் கட்டுப்பாடும் விதித்தது. அந்த உத்தரவைப் பின்னர் மேல்முறையீட்டில் எதிர்த்தார்கள் என்பது வேறு கதை; ஆனால் யார் முதலில் வெளியேறுகிறார்கள் என்ற கவலை வீண் கவலை அல்ல.

நெவாடாவிலும் இதே கதைதான். எம்ஜிஎம் என்னும் சூதாட்ட விடுதிக் குழுமம் அந்த ஒற்றை நிறுவனத்தை விட்டு விலகுவதற்காக 2016இல் ஏறத்தாழ 87 மில்லியன் டாலர் விலகல் கட்டணம் செலுத்தியது. அவ்வளவு கொடுத்தும் விலகுவது இலாபம் என்றால், பின்னால் இருக்கும் சிறு வீட்டுக்காரருக்கு என்ன மிஞ்சும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆம் என்ற பக்கத்துக்கு முதன்மையாகப் பணம் போட்டவர்கள் ஷெல்டன் அடெல்சனின் விடுதி நிறுவனமும் ஸ்விட்ச் என்னும் தரவு மைய நிறுவனமும். வேண்டாம் என்ற பக்கத்துக்குப் போட்டது அந்த ஒற்றை நிறுவனமான, வாரன் பஃபெட்டின் குழுமத்தைச் சேர்ந்த என்வி எனர்ஜி. இரு தரப்பும் சேர்ந்து 2018 பிரச்சாரத்தில் ஏறத்தாழ 100 மில்லியன் டாலர் செலவழித்தன. ஒரு தரப்பு மக்கள் பக்கம், மறு தரப்பு முதலாளிகள் பக்கம் என்று அதைப் பிரித்துவிட முடியாது.

பதில்: அந்தேரி அச்சகத்தார்

பொறியாளர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் போட்டியால் கிடைத்த நன்மையை அவர் மிகக் குறைத்துச் சொல்கிறார் என்பது என் எண்ணம். வேறு நிறுவனத்துக்கு மாற ஒரு படிவம் நிரப்பினேன், மீட்டரை மாற்றினார்கள், வேறு ஒரு மாற்றமும் இல்லை. மறு மாதமே பில் குறைந்தது. பின்னாளில் இரு நிறுவனங்களின் கட்டண இடைவெளி ஏறியும் இறங்கியும் வந்தது உண்மைதான். இருந்தாலும், போய்விடுவேன் என்று சொல்ல முடிகிற வாடிக்கையாளரிடம் பேசும் முறையே வேறு. அதை நான் கவுன்ட்டரில் நின்று கண்ணால் கண்டிருக்கிறேன். டெக்சஸ் மாநிலத்தின் பெரும்பகுதியில் 2002 முதல் மக்கள் தாமே விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களால் முடிவது நாசிக்காரராலும் நாக்பூர்க்காரராலும் முடியாதா? ஒரே அரசு நிறுவனத்திடம் கட்டிப்போடப்பட்டிருப்பவருக்கு, வெளியேறும் வழி திறந்திருப்பதே ஒரு பாதுகாப்பு.

பதில்: ஓய்வுபெற்ற மின்பொறியாளர், முலுண்டு

நண்பரே, கவுன்ட்டரில் நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. டெக்சஸைச் சொன்னதால், 2021 பிப்ரவரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடுங்குளிரில் எரிவாயுக் குழாய்களும் மின்நிலையங்களும் உறைந்து, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் கிடந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சந்தை விலை அதன் அன்றைய உச்ச வரம்பான யூனிட்டுக்கு 9 டாலரில் பல நாட்கள் நின்றது. அதன் அடிப்படைக் காரணம் குளிருக்குத் தயார்ப்படுத்தாத கட்டமைப்பு; சில்லறைப் போட்டியை மட்டும் பழிப்பது நேர்மை ஆகாது. ஆனால் மொத்தச் சந்தை விலையிலேயே வாங்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்த வீடுகளுக்குச் சில நாள் மின்சாரத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்ததே, அது அந்தத் தேர்வின் விளைவு. சான் அன்டோனியோவும் ஆஸ்டினும் மாநகராட்சி நிறுவனங்களையே வைத்துக்கொண்டு அந்தப் போட்டிக்குள் போகாமல் இருந்தன என்பதையும் கவனியுங்கள்.

கலிஃபோர்னியா 1998இல் திறந்துவிட்டது. 2000-01இல் விலை தாறுமாறாக ஏறி, மாநிலத்தின் பெரிய நிறுவனம் ஒன்று திவால் மனுப் போட்டது. 2001 செப்டம்பரில் புதியவர்கள் மாறிச் செல்வதை மாநிலமே நிறுத்திவைத்தது. அந்தச் சந்தையில் சூதாடிய என்ரான் என்னும் அமெரிக்க எரிசக்தி நிறுவனம்தான் நம் இரத்தினகிரி மாவட்டத்தில் தாபோல் மின்நிலையத்தைக் கட்டியது. தாபோலில் குற்றவாளி போட்டி அல்ல, அதற்கு நேர் எதிரான நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம். விலை தாங்காமல் மாநில மின்வாரியம் 2001இல் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மின்வாரியங்கள் அப்படிப் பல ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் ஒப்பந்தங்கள் நுகர்வோர் வெளியேறியதும் மறைந்துவிடுவதில்லை. மின்சாரம் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கொடுத்தே ஆக வேண்டும்.

நிறுவனத்தின் செயல்பாடு சீராவதற்கு வீட்டுக்கு வீடு போட்டி ஒன்றே வழி என்றும் இல்லை. டெல்லியில் 2002இல் விநியோகம் தனியாரிடம் போனது. அங்கே ஒரு பகுதிக்கு ஒரு நிறுவனம்தான், மாறிச் செல்லும் வசதி கிடையாது. ஆயினும் 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்த மின் இழப்பு (திருட்டும் வசூலாகாததும் சேர்த்து) பத்துக்குக் கீழே வந்துவிட்டது.

பதில்: தாராவி தோல் பட்டறை

எங்களைப் போன்றோரின் நிலையையும் எழுதிவிடுகிறேன். தாராவியில் எங்களுக்கு, மும்பையில் பேருந்தும் மின்சாரமும் சேர்த்து நடத்தும் பெஸ்ட் நிறுவனத்தின் மின்சாரம். உள்ளாட்சி அமைப்பு நடத்தும் விநியோகம் என்பதால், தன் கம்பி வழியாக வேறு யாரையும் மின்சாரம் தர அது அனுமதிக்க வேண்டும் என்று 2003 சட்டம் கட்டாயப்படுத்தவில்லை; ஆகவே அந்தேரி நண்பருக்கு வாய்த்த படிவம் எங்களுக்கு வாய்க்காது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பெஸ்ட் பேருந்துகளின் நட்டத்தில் ஒரு பகுதியையும் மின் நுகர்வோரான நாங்கள்தான் கட்டினோம். பில்லில் அதற்கென்றே தொகை இருந்தது. தையல் எந்திரம் ஓட்டும் பட்டறைக்காரன் எதற்குப் பேருந்து நட்டத்தைச் சுமக்க வேண்டும் என்று நான் கோபப்பட்டதுண்டு. ஆனால் என் பட்டறையில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் அந்தப் பேருந்தில்தான் வருகிறார்கள். மின்சாரத்தைத் திறந்துவிடு என்று கேட்பவர்கள், அதுவரை மின்பில் சத்தமில்லாமல் சுமந்துவந்த பிற செலவுகளை இனி எந்தக் கணக்கில் எழுதுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2023 ஜனவரியில் மாநில அரசின் மின்விநியோக நிறுவனமான மகாவிதரணின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் இதே அச்சத்தால்தான். நவி மும்பை, தானே, முலுண்டுப் பகுதிகளுக்குத் தனியார் நிறுவனம் இணை உரிமம் கேட்டிருந்தது. ஒழுங்காகப் பணம் கட்டும் ஊர்களைத் தனியார் எடுத்துக்கொண்டால், விதர்பாவின் பம்புசெட்டுகளுக்கு யார் பொறுப்பு?

கேள்வி கேட்டவர்: செம்பூர் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாநிலம் முழுவதும் திறந்துவிடுங்கள் என்ற ஒற்றை வரியைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். கம்பிக்கு ஒரே பொது நிறுவனம் பொறுப்பாக இருக்க வேண்டும். வெளியேறும் பெரிய நுகர்வோர் செலுத்த வேண்டிய தொகையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். விற்பனை நிறுவனம் மூடிவிட்டால் மறு நாள் அந்த வீட்டுக்கு யார் மின்சாரம் தருவார் என்பது சட்டத்திலேயே இருக்க வேண்டும். இவற்றுக்கு எழுத்தில் பதில் தரும் வேட்பாளரிடம் மட்டுமே போட்டியைப் பற்றிப் பேசுவோம் என்று எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் சிலருக்கு இது பிடிக்காது. பரவாயில்லை, பேசிப் பார்க்கிறேன். கடிதம் மராத்தியில் போக வேண்டும். வீலிங், குறுக்கு மானியம் ஆகியவற்றுக்கு அங்கே வழங்கும் சொற்களை அறிந்தவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முறை படித்துத் திருத்தித் தர இயலுமா?