மானிட்டர் கேலிப்ரேஷன் (திரையின் வெளிச்சம், நிறத்தை மீட்டரால் அளந்து சரிசெய்வது) முடிஞ்சும் பிரைட்னஸ் எங்கே உதைச்சது?

இருட்டறை
லேப்டாப் திரை. மீட்டர் மாட்டியிருக்கும்வரை 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு), ஆடாமல் நிற்கும். கழற்றி எடுத்த அடுத்த நொடி திரை பளீரென்று ஏறும். புரொஃபைல்தான் (கேலிப்ரேஷன் எழுதும் நிறக் கோப்பு) தப்பு என்று இரண்டு தடவை திரும்ப ஓட்டியாச்சு. கடைசியில் பார்த்தால், மீட்டரின் ஒயர் மேல்விளிம்பைத் தாண்டிப் பின்னால் தொங்குகிறது. வெப்கேம் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. அதுதான் ஒளி சென்சார். ஒயர் சரியாக அதன்மேல் படுத்திருந்தது. அறை இருட்டு என்று நம்பி விண்டோஸ் வெளிச்சத்தைக் குறைக்க, அதை ஈடுகட்ட நாம் ஸ்லைடரை ஏற்ற... ஒயரை இரண்டு விரல் தள்ளினதும் கண்ணெதிரே வெளுத்தது திரை. தானியங்கி பிரைட்னஸை அணைத்தபிறகுதான் எண் நின்றது.

ஐசிசி_தாத்தா
அதோடு முடியாது தம்பி. விண்டோஸ் 11-ல் படத்துக்கேற்ப வெளிச்சத்தை மாற்றும் இன்னொரு வசதி டிஸ்ப்ளே, பிரைட்னஸ் பகுதியிலேயே இருக்கிறது. இன்டெல் கிராஃபிக்ஸில் தனியாக ஒரு பவர் சேவிங், ஏஎம்டி-யில் வேரி-பிரைட். மானிட்டர் மெனுவில் டைனமிக் கான்ட்ராஸ்ட், எகோ மோட். எல்லாமே ஒரே திருட்டு: இருண்ட பேட்ச் (அளப்பதற்காகத் திரையில் காட்டும் நிறக் கட்டம்) வந்தால் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, இறக்கும். மீட்டர் அதை உண்மை என்று நம்பி நிழல்களைத் தூக்கிவிடும்.

சோதனை எளிது. 0 கருப்பு, 255 வெள்ளை என்ற அளவில் 128 சாம்பலை நடுவில் வை, மீட்டரை அதன்மேல் வை. வெள்ளை 120, காமா (நடுச் சாம்பல்கள் எவ்வளவு வெளிச்சமாக வரணும் என்ற கணக்கு) 2.2 என்றால் சுமார் 26 நிட் வரணும். இப்போது பக்கத்தில் ஒரு வெள்ளை நோட்பேடைத் திற. 26 அசைந்தால் இன்னும் ஏதோ ஒன்று ஆனில் இருக்கிறது.

பிக்சல்பாண்டி
இங்கே உதைத்தது எச்டிஎம்ஐ. 120 வரவேண்டிய வெள்ளை 100-க்கு மேல் ஏறவில்லை. கருப்பு 0.12-க்குப் பதில் 0.39. கருப்பு கோட் போட்டவர் படம் சாம்பல் பூசினமாதிரி. மானிட்டரை டிவி என்று நினைத்த கிராஃபிக்ஸ் கார்டு 0 முதல் 255 வரை அனுப்பாமல் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் 'ஃபுல்'. அவ்வளவுதான்.

ஆல்பம்_மேசை
எல்லாரும் 120, 120 என்கிறீர்களே, அது யார் வைத்த கணக்கு? திரை நிறங்களுக்கான பொதுத் தரமான எஸ்ஆர்ஜிபி-யே 80 நிட்டுக்கு எழுதப்பட்டது. ஆல்பம் இருட்டாக வருகிறது என்று பிரிண்ட் போடும் லேபைத் திட்டுபவர்களில் பாதிப்பேர் கடையில் வாங்கின மானிட்டரை 250, 300-லேயே ஓட்டுகிறவர்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எண்ணை அறை தீர்மானிக்கணும். பிரிண்ட் பார்க்கும் இடத்தில் லக்ஸ் மீட்டரை (அங்கே விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) வையுங்கள். லக்ஸை 0.85-ஆல் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால் வெள்ளைத் தாளின் நிட் கிடைக்கும். 500 லக்ஸில் 135. 300 லக்ஸில் 81. திரை வெள்ளையும் அதே அளவில் இருந்தால்தான் பிரிண்டும் திரையும் ஒத்துப்போகும். லக்ஸ் மீட்டர் இல்லையா, மேட் தாளை மானிட்டர் பக்கத்தில் பிடித்து, வெற்று வெள்ளை டாக்குமென்ட்டோடு ஒப்பிடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், ட்யூப்லைட் அதில் தெரியும். ஜன்னல் பக்கம் மேசை போட்டவர்களுக்கு இதெல்லாம் வேலைக்கு ஆகாது. காலையில் ஒரு எண், மதியம் ஒரு எண். முதலில் திரைச்சீலை வாங்குங்கள்.

ரா_ஃபைல்
@ஆல்பம்_மேசை கணக்கு சரி, ஆனால் 81-க்கு இறங்கவே முடியாத மானிட்டர் இருக்கிறதே? இந்த 27 இன்ச் ஐபிஎஸ் (ஒரு வகை எல்சிடி) மானிட்டரில் பிரைட்னஸ் 0, மீட்டர் 140 காட்டுகிறது. எஸ்ஆர்ஜிபி மோடில் போட்டால் பிரைட்னஸ் மெனுவே சாம்பலாகிப் பூட்டிக்கொள்கிறது. ஆர், ஜி, பி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றையும் இறக்கி 90-க்குக் கொண்டுவந்தால் வெள்ளை மட்டும்தான் இறங்குகிறது, கருப்பு 0.14-லேயே உட்கார்ந்திருக்கிறது. 1000:1 இருந்த கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம்) 640:1.

ஐசிசி_தாத்தா
@ரா_ஃபைல் அப்படியானால் மானிட்டரை விடு, அறையை ஏற்று. 140-க்குத் தாள் சேர 520 லக்ஸ் வேண்டும்; மேசைமேல் ஒரு நல்ல விளக்கு போதும், திரைமேல் நேரே விழாதபடி. ஆர்ஜிபி-யை வெள்ளைப்புள்ளிக்கு (வெள்ளையின் நிறச்சாயலைச் சரிசெய்ய) மட்டும் தொடு, அதிலும் ஒன்றையாவது 100-லேயே விட்டுவை. அப்புறம், போட்டதும் அளந்துவிடாதே. அரைமணி நேரம் ஸ்லீப் போகாமல் சூடாகட்டும், பிறகு வரும் எண்தான் எண்.

இருட்டறை
ஓஎல்ஈடி (பேக்லைட் இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சின்ன பேட்ச்சில் எடுத்த வெள்ளையை நம்பவேண்டாம். திரை முழுக்க வெள்ளை வந்தால் பேனல் தானாகவே இறக்கிக்கொள்ளும். பேட்ச்சை திரையின் 10 சதவீத அளவில் ஒரு தடவை, முழுத்திரையில் ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே எண் வரும்வரை பிரைட்னஸை இறக்கணும்.